நான்காவதாக நின்றவள்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, பொங்கலுக்குச் சில நாள் முன்னால், பினாங்கிலிருந்து மீனம்பாக்கம் வந்து இறங்கினேன். கையில் ஒரு பெட்டி, கழுத்தில் ஒரு கேமரா. பெட்டியை வாங்கிக்கொண்ட தம்பி தணிகாசலம் கேமராவுக்கும் கை நீட்டினான். "இது என்கிட்டயே இருக்கட்டும்டா" என்று தள்ளி வைத்துக்கொண்டேன். பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஓய்வுப் பணத்தில் முதலில் வாங்கியது அந்தக் கேமராதான். அதை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். பின்னால் நடந்ததெல்லாம் அந்தச் சட்டத்தில்தான் ஆரம்பித்தது.

விடிவதற்குள் காரில் ஏறிவிட்டோம். பெங்களூர் சாலை முழுக்கப் பனி. எதிரே வந்த லாரிகளின் விளக்குகள் மட்டும் மிதந்து வந்து மறைந்தன. செம்பரம்பாக்கம் ஏரி இடப்பக்கம் இருக்கிறது என்று தணிகாசலம் சொன்னான். வெண்மையைத் தவிர எதையும் காணோம். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறிப் போனவன் நான். அந்தப் பனிக்குள் நான் விட்டுப்போன ஊர் அப்படியே இருக்கும் என்று தோன்றியது. தண்டலம் தாண்டிப் பனி விலகியபோது வயலுக்கு நடுவே தகரக் கூரை போட்ட தொழிற்சாலை ஒன்று நின்றது. வெயில் பட்டதும் கூரை ஏரி போலப் பளபளத்தது.

"இதுதான் அண்ணே நம்ம கம்பெனி" என்றான். ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் கம்பெனி. அவன் அங்கே ஸ்டோர்ஸில் வேலை பார்த்தான்.

பென்னலூரில் அவன் வீடு. மனைவி கஸ்தூரி, ஒரே மகள் மீனா. மீனாவுக்குப் பதினான்கு வயது. முதல் நாள் எனக்கு மூங்கில் கூடையில் அவித்த குடலை இட்லி. பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக் கடையின் எல்லாக் குழம்பையும் ஒரே தட்டில் ஊற்றிச் சாப்பிட்டுப் பழகியவன், மந்தாரை இலை வாசத்துடன் மிளகு கடிபட்ட அந்த இட்லியை வெறுமனே தின்றேன். "தொட்டுக்க ஒண்ணுமே வேணாமா மாமா? அங்க இன்னாதான் துன்றீங்க?" என்று கஸ்தூரி கேட்டாள். நான் சொல்லி முடிப்பதற்குள் மீனா மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் குடும்ப நாள். பெங்களூர் சாலையோரம் புதிதாகத் திறந்திருந்த கேளிக்கைப் பூங்காவுக்கு எல்லாரையும் பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். பாதி வழியில் டயர் வெடித்தது. ஆண்கள் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெண்கள் பஸ்ஸுக்குள்ளேயே புளிசாதப் பொட்டலங்களைப் பிரித்துவிட்டார்கள். மதியச் சாப்பாடு காலை ஒன்பது மணிக்கே தீர்ந்துபோனது.

அந்தப் பூங்காவை இன்று நினைத்தால் விழித்துக்கொண்டே கண்ட கனவு போல இருக்கிறது. வாசலில் சுதையில் செய்த கடற்கன்னி. அவள் மூக்குத்தி போட்டிருந்தாள். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் அரண்மனை. அதன் கதவைத் திறந்தால் பின்னால் சோளக் காடு. குளத்தில் அன்னப் படகுகள். பனி முழுதாக விலகாததால் ராட்டினத்தின் மேல் பெட்டிகள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய், கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்புச் சத்தத்தோடு திரும்பி வந்தன. வெளிநாட்டுப் பூங்காக்களில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். இங்கே எருமை ஒன்று குட்டி ரயிலின் தண்டவாளத்தைக் கடந்தது. ரயிலும் மரியாதையாக நின்றது.

கடற்கன்னியின் முன்னால் தணிகாசலத்தையும் கஸ்தூரியையும் மீனாவையும் நிற்க வைத்தேன். கேமராவைக் கண்ணில் வைத்ததும் கஸ்தூரி நகர்ந்துவிட்டாள்.

"ஆவாது மாமா. மூணு பேரா நின்னு போட்டோ புடிக்கக் கூடாது."

"ஏன்?"

"கூடாதுன்னா கூடாது. வூட்ல இருக்கிறதே மூணு பேரு. அதனாலதான் எங்க வூட்ல ஒரு போட்டோ கூட இல்ல. நீங்க வந்து நில்லுங்க, அந்தத் தம்பிகிட்ட கேமராவக் குடுங்க. அமுக்கச் சொன்னா அமுக்கிட்டுப் போறான்."

அவள் காட்டிய தம்பி ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தான். கொடுக்க முடியாது என்றேன். "அவ சொன்னா சொன்னதுதான் அண்ணே" என்று தணிகாசலம் கை விரித்தான். வெளிச்சம் நன்றாக இருந்தது. எனக்கு எரிச்சல்.

கஸ்தூரி சுற்றுமுற்றும் பார்த்தாள். சற்றுத் தள்ளி ஒரு பெண் தனியாக நின்று கடற்கன்னியின் வாலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் பட்டும் பாலியஸ்டருமாக வந்திருந்த நாளில் அவள் கம்பெனியின் நீலக் கோட்டோடு நின்றாள்.

"தே பொண்ணு, நீ லைன்ல வேலை செய்யிற பொண்ணுதான? இங்க வா, எங்களோட நில்லு."

பேச்சியம்மாள் என்று பெயர் சொன்னாள். கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். நைட் ஷிப்ட் முடிந்து நேரே பஸ் ஏறிவிட்டாளாம். குடும்ப நாள்தான், ஆனால் அவள் குடும்பம் ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் இருந்தது. கோட்டைக் கழற்றச் சொன்னேன். "வேண்டாம்யா. உள்ள சட்டை அவ்வளவு நல்லா இல்ல" என்றாள். அப்படியே மீனாவின் பக்கத்தில் நின்று, அவள் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நாள் முழுக்க அவள் எங்களோடு இருந்தாள். அரண்மனை வாசலில், அன்னப் படகில், ராட்டினத்துக்குக் கீழே என்று எங்கே கேமராவை எடுத்தாலும் கஸ்தூரி, "பேச்சி எங்க? கூப்புடு" என்பாள். மீனா என்னைப் பெரியப்பா என்று அழைப்பதைக் கேட்டு அவளும் அப்படியே அழைத்தாள். "நானும் பெரியப்பான்னே கூப்பிடுதேன், கோவிச்சுக்கிடாதீங்க." ராட்டினத்தின் உச்சியில் கண்ணை மூடிக்கொண்டு அவள் ஊர்ச் சாமிகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக மீனா இறங்கி வந்து நடித்துக் காட்டினாள். "நீ மட்டும் என்னவாம்? என் கையப் பிறாண்டி வச்சிருக்க, பாரு" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

மாலை பஸ் கிளம்பும் முன்பு பேச்சி என்னருகில் வந்தாள்.

"பெரியப்பா, ஒரு படம் எனக்குத் தருவீங்களா?"

"ஒண்ணு என்ன, எல்லாத்திலயும் தரேன்."

"ஒண்ணு போதும். சித்திரையில எங்க ஊர்ல அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அப்ப கொண்டு போணும். பொம்பளப் பிள்ள மெட்ராஸ் பக்கம் தனியாத் திரியுதுன்னு ஊர்ல பேசுதாங்க. அண்ணன் கறாராச் சொல்லிட்டான். ஒரு குடும்பத்து ஆதரவுல இருக்கேன்னு அவனுக்குத் தெரியணும், அப்பத்தான் திரும்பி அனுப்புவானாம். இல்லேன்னா வீட்டோட கெடன்னுட்டான்."

"உனக்கு இங்க இருக்கத்தான் பிடிச்சிருக்கா?"

அவள் விரல்களை விரித்துக் காட்டினாள். கம்பி அறுத்த கோடுகள். "இந்தக் கை சுத்துன மோட்டார் எங்கெங்கயோ ஓடுதுல்லா பெரியப்பா" என்றாள்.

"இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாடு எங்க வூட்லதான். எங்க பொண்ணுன்னு சொல்லு உங்க அண்ணன்கிட்ட" என்று கஸ்தூரி குறுக்கே வந்தாள். படம் மாசிக்குள் வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

பினாங்கு திரும்பிய வாரமே பிலிமைக் கழுவினேன். படங்கள் அழகாக வந்திருந்தன. பனி, இளஞ்சிவப்பு அரண்மனை, மீனாவின் பாவாடை. எல்லாவற்றிலும் ஓரத்தில் அந்த நீலக் கோட்டு. படங்களைக் காலத்துக்கும் கெடாமல் வைக்க வேண்டும் என்று பசைத்தாள் வைத்த உயர்ந்த ஆல்பம் ஒன்று வாங்கினேன். ஒட்டுவதற்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூடும் மன்றத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி வீட்டு வேலைக்காரியா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். வேறு யார் என்று சொல்ல வாய் வரவில்லை. தொழிற்சாலைப் பெண் ஒருத்தியை என் குடும்பமாக அவர்களுக்குக் காட்டக் கூச்சமாக இருந்தது.

அன்று சாயங்காலம் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் அவளை வெட்டி எடுத்தேன். கோபத்தில் செய்யவில்லை. காகிதம் வெட்டும் மாணவனைப் போல நாக்கைக் கடித்துக்கொண்டு நேராக வெட்டினேன். முதல் படத்தில் மட்டும் தொல்லை. மீனாவின் தோளில் இருந்த கையை எடுக்க வேண்டுமென்றால் மீனாவின் தோளையும் எடுக்க வேண்டும். அதனால் கையை விட்டுவிட்டு, வாழ்த்து அட்டை ஒன்றிலிருந்து காகித ரோஜா வெட்டி அதன்மேல் ஒட்டினேன். வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போட்டேன். நெகடிவ் இருக்கிறதே, அவளுக்கு வேண்டியதை அப்புறம் போட்டு அனுப்பலாம் என்று நினைத்தேன். அப்புறம் அதை மறந்தேன்.

பங்குனியில் ஒரு நாள் தொலைபேசி அடித்தது. ஸ்ரீபெரும்புதூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து தணிகாசலம் கத்தினான்.

"அண்ணே, போட்டோ இன்னா ஆச்சு? பேச்சி இங்கதான் என் பக்கத்துல நிக்குது. கொடை வந்துகினே கீது!"

மறுநாள் பேசச் சொல்லி வைத்துவிட்டு நெகடிவ் போட்டிருந்த பால்மாவு டப்பாவைத் தேடி எடுத்தேன். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. அவசரத்தில் வெந்நீரில் போட்டேன். பிரிந்தது, ஆனால் படலமும் சேர்ந்து உரிந்து வந்தது. கடற்கன்னி, அரண்மனை, ராட்டினம் எல்லாம் பழுப்புத் தோலாகத் தண்ணீரில் மிதந்தன. கெடாமல் வைப்பதைப் பற்றி மன்றத்தில் எல்லாருக்கும் பாடம் நடத்தியவன் நான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் மணி அடித்ததும், "கேமராவுக்குள்ள வெளிச்சம் பட்டுப்போச்சுடா. ஒரு படம் கூட விழல" என்றேன்.

இரைச்சலுக்கு நடுவே பேச்சி போனை வாங்கிப் பேசினாள். "பரவாயில்ல பெரியப்பா. உங்க தம்பி வீட்டுக்கும் இல்லாமப் போச்சே, அதுதான் சங்கடமா இருக்கு." எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அந்த வருடம் முழுக்க ஆல்பம் அலமாரியில் இருந்தது. தம்பிக்கு நான் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஐப்பசியில் மன்றத்து நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து பக்கங்களைப் புரட்டும்போது ரோஜா உதிர்ந்தது. "இது யாருடைய கை?" என்று கேட்டார். அவர் போனதும் டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

மார்கழி பிறக்கும் முன் மறுபடி மீனம்பாக்கம். எங்கே போகிறேன் என்று குடிநுழைவு அதிகாரி கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். அந்த வருடம் வைகாசியில் அங்கே குண்டு வெடித்த பிறகு உலகத்தில் எவரும் அந்தப் பெயரைச் சும்மா கேட்டுவிட்டுப் போகவில்லை. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

இந்த முறை பனி இல்லை, மழை. சாலையின் மேல் ஏரித் தண்ணீர் வழிந்து ஓடியது. பஸ் நின்றுவிட்டது. டிரைவர் பீடி பற்ற வைத்துக்கொண்டு, "இன்னா சார் அவசரம்? தண்ணி போவட்டும், அப்பால நாம போலாம்" என்றார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரகடத்தில் தன் நிலத்துக்கு யாரோ விலை கேட்டுப் போன கதையைப் பஸ் முழுவதற்கும் சொல்லிக்கொண்டு வந்தார். என் மடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஆல்பம்.

வீட்டில் நனைந்த சட்டையை மாற்றுவதற்கு முன்பே ஆல்பத்தைப் பிரித்து நடந்ததைச் சொன்னேன். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டான். மீனா தன் தோளில் இருந்த கையை விரலால் தொட்டாள். கஸ்தூரி மட்டும் பேசினாள்.

"பேச்சிய வெட்டி எங்கள மூணு பேராக்கி வச்சிக்கீறீங்களே மாமா." ஆல்பத்தை மூடிவிட்டு, "அது கொடைக்குப் போச்சு. திரும்பி வரல" என்றாள்.

மறுநாள் கம்பெனிப் பெண்கள் தங்கியிருந்த ஓட்டு வீட்டுக்குப் போனேன். பேச்சியோடு ஒரே அறையில் இருந்த வசந்தா வெளியே வந்தாள். வாலாஜாபாத்துப் பெண். நான் யார் என்று சொன்னதும் இடுப்பில் கை வைத்தாள்.

"ஓ, மலேசியா பெரியப்பாவா! போட்டோ கொண்டாந்தீங்களா? எட்டு மாசம் லேட்டு."

"பேச்சி...?"

"அவ அண்ணங்காரன் வந்து பொட்டியத் தூக்கிக்கினு போனான். 'குடும்பம், குடும்பம்னியே, ஒரு படமாவது இருக்குதா'ன்னு ஊர்ல அவள அடிச்சானாம். இங்க நாங்க சொன்னோம், தணிகாசலம் சாரே சொன்னாரு. நம்பலையே. பிலிமு வீணாப்போச்சுன்னா எவன் நம்புவான்?" பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "நெஜமாவே வீணாப்போச்சா சார்?"

"இல்லம்மா. நான்தான் வெட்டிட்டேன்."

"வெட்டிட்டீங்களா? இன்னாத்தால?"

"கத்தரிக்கோலால."

உள்ளே தலைவாரிக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. வசந்தா தன் நீலக் கோட்டின் பித்தானைப் போட்டாள், கழற்றினாள். "எங்க மூஞ்சி அவ்ளோ கேவலமா சார்?" என்று கேட்டாள். கோபமாகக் கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

பேச்சியின் ஊருக்குப் போய் அவள் அண்ணனிடம் நேரில் உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

"போங்க. யார் இந்த ஆளு, இவனுக்கும் நம்ம பொண்ணுக்கும் இன்னா சம்பந்தம்னு அதுக்கு வேற அடி வாங்குவா. சும்மா கெடங்க சார்." பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். "கேமரா கீதுல்ல? இதுங்களுக்கும் ஊர்ல அண்ணன் கீறான், அப்பன் கீறான். பொங்கலுக்குப் போவுதுங்க. எது திரும்பி வருமோ தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. தம்பி வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் வைத்து எடுத்தோம். தணிகாசலம், கஸ்தூரி, மீனா மூவரும் நின்ற இடத்திலேயே நிற்க, நான்காவது ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தாள். நாசரேத் பக்கத்து எஸ்தர், "அக்கா, எங்க அப்பா சபையில பெரிய ஆளு. உங்க பொட்டக் கொஞ்சம் சின்னதா வச்சுக்கிடுதீங்களா?" என்று கேட்டாள். "ஒனக்காக மதமா மாற முடியும்? தலைய இந்தப் பக்கம் சாச்சு வெளிச்சத்துல மறைச்சிக்கிறேன், போ" என்றாள் கஸ்தூரி. இன்னொருத்தி தணிகாசலத்திடம், "சார், கொஞ்சம் மொறைச்சாப்புல நில்லுங்க. கண்டிப்பான வீடுன்னு அண்ணனுக்குத் தோணணும்" என்றாள். அவன் புருவத்தை நெரித்தான். "இந்த மூஞ்சிய எங்கிட்ட ஒரு நாள் காட்டினது கெடையாது" என்று கஸ்தூரி சொல்ல, நிற்க வேண்டிய நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் படத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

மழைக்குப் பிந்திய அந்த வெளிச்சத்தில், லென்ஸுக்குள் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மயக்கம் வந்தது. மூன்று பேர் அசையாமல் நிற்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு மகள் உருகி இன்னொரு மகள் ஆகிறாள். தெற்கே எனக்குப் பெயர் தெரியாத ஊர்களில், எத்தனையோ வீட்டுச் சுவர்களில் என் தம்பி குடும்பம் தொங்கப்போகிறது. நடுவே கஸ்தூரி என் கையிலிருந்த கேமராவைப் பிடுங்கித் தணிகாசலத்திடம் கொடுத்து, ஒரு படத்தில் என்னையும் நிற்க வைத்தாள். நான் தடுக்கவில்லை. அவன் அமுக்கியது கோணலாக விழுந்திருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெரு ஸ்டுடியோவில் கொடுத்து, அவர்கள் மெட்ராஸில் கழுவி வரும் வரை காத்திருந்தேன். கிளம்பும் நாள் மாலையில் படங்களையும் நெகடிவ்களையும் கொண்டுபோய் வசந்தாவிடம் கொடுத்தேன். மற்றவர்கள் அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். என்னிடம் பினாங்குக்குக் கொண்டுபோக ஒரு துண்டுகூட வைத்துக்கொள்ளவில்லை.

"நீ மட்டும் நிக்கவே இல்லையேம்மா" என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்கு? எங்க வூடு பக்கத்துலதான் கீது. அதுவும் இல்லாம, எந்த ஆல்பத்துல என்னை எவ்ளோ தூரம் வெட்டுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

சிரிக்காமல்தான் சொன்னாள். நான் போய் வருகிறேன் என்றேன். படியிறங்கியவனைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"சார், பேச்சி மூஞ்சியாச்சும் ஞாபகம் கீதா?"

நினைத்துப் பார்த்தேன். நீலக் கோட்டு வந்தது. மீனாவின் தோளில் இருந்த கை வந்தது. கோட்டுக் காலருக்கு மேலே பனி.

"நல்லா ஞாபகம் இருக்கும்மா" என்றேன். அது அவளைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய்.